எடை மேசை ஷெல்லில் மெமரி லீக்: கசிவைத் தேடிப் பிடித்த விவரம்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில், ஒரு மீன் கொள்முதல் கூடத்தின் எடை மேசையில் ஓடும் எங்கள் ஷெல் (அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்), தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் 3.1 எம்பி நினைவகத்திலேயே நிற்கிறது. இதற்கு முன் அதே ஷெல் மணிக்கு 2.9 எம்பி வீதம் வளர்ந்து, இரண்டு வாரத்துக்குள் கணினியின் நினைவகம் முழுவதையும் விழுங்கி, கடைசியில் இயங்குதளத்தின் மையமான கெர்னலால் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தது. கசிவுகள், அதாவது வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தராத இடங்கள், இரண்டு. பெரியதை, நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரிண்ட் என்ற கருவி ஒரு மாலை நேரத்தில் காட்டிக் கொடுத்துவிட்டது. சிறியதை அதே வால்கிரிண்ட் கடைசி வரை மறைத்தது. இந்தப் பதிவின் பெரும்பகுதி அந்தச் சிறியதைப் பற்றியது.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மேசையில் இருப்பது 1 ஜிபி நினைவகம் கொண்ட ராஸ்பெர்ரி பை 3. அதில் டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட 64 பிட் இயங்குதளம் உள்ளது. 60 கிலோ எலெக்ட்ரானிக் தராசு சீரியல் கேபிள் வழியாக நொடிக்கு ஒரு முறை எடையை அனுப்பும். மறுபுறம் ஒரு தெர்மல் பிரின்டர். நடுவில் நான் சி மொழியில் எழுதிய சிறு ஷெல். கணக்குப்பிள்ளை கீபோர்டில் ‘ரசீது கணவாய்’ என்று அடித்தால் அந்த நொடியின் எடையோடு ரசீது வரும். ‘பட்டியல்’ என்று அடித்துக் குழாய்க்குறி போட்டு வடிகட்டினால், ஒரு சம்மாட்டியின் (படகு உரிமையாளரின்) படகுக்கு மட்டும் அன்றைய இறாலும் நண்டும் சங்காயமும் தனித்தனியாக வரும். லினக்ஸின் வழக்கமான ஷெல்லான பாஷ் இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்வி நியாயமானது. தமிழ்க் கட்டளைகளும், எழுத்துப்பிழைக்குத் தமிழிலேயே பதில் சொல்வதும், தவறுதலாக எதையும் அழிக்க முடியாத சிறிய கட்டளைத் தொகுதியும் வேண்டியிருந்தன. அவற்றை பாஷின் மேல் ஒட்டவைப்பதைவிடத் தனியாக எழுதுவது எனக்கு எளிதாகப் பட்டது.

ஷெல்லுக்குள் ‘சுற்று’ என்று ஒரு உள்கட்டளை உண்டு. தராசிலிருந்து ஒவ்வொரு நொடியும் வரும் எடையை அது வாங்கி, ‘பதி எடை 23.450’ என்றும், ‘பதி நேரம்’ என்பதோடு தேதியும் நேரமும் சேர்த்தும், இரண்டு வரிகளைத் தனக்குத் தானே ஓட்டும். ‘பதி’ என்பது சூழல் மாறியை, அதாவது ஷெல் கிளப்பும் நிரல்களும் படிக்கக்கூடிய ஒரு பெயரையும் மதிப்பையும், வைக்கும் உள்கட்டளை. ரசீது நிரல் ஷெல்லின் பிள்ளைப் புராசஸாக (ஷெல் கிளப்பும் தனி ஓட்டமாக)க் கிளம்பும்போது அந்த இரு மாறிகளையும் படித்துக்கொள்ளும். ரசீதில் அச்சடித்த நேரம் இருந்தால் போதாது, எடை போட்ட நேரமே இருக்க வேண்டும் என்று ஏலக்காரர்கள் கேட்டதால் நேரத்தையும் மாறியாக வைத்தேன். பின்னால் வரும் சிக்கலின் வேர் இந்த வசதிதான்.

நோய் முதலில் வேகக் குறைவாகத்தான் தெரிந்தது. “அண்ணே, மொத வாரம் பட்டுன்னு வருது, அப்புறம் ரசீது வர்றதுக்குள்ள அடுத்த கூடை வந்து நிக்கிது” என்று கணக்குப்பிள்ளை சொன்னதை பிரின்டரின் குறையாக எடுத்துக்கொண்டு, அதன் கேபிளை மாற்றிப் பார்த்தோம். பிறகு ஒரு காலையில் ஷெல்லே மறைந்து லாகின் திரை நின்றது. கெர்னலின் பதிவேட்டில் நினைவகம் தீர்ந்ததால் எங்கள் புராசஸைக் கொன்றதாக வரி இருந்தது. கெர்னல் இப்படிக் கொல்லும்போது பெரும்பாலும் அதிக நினைவகம் வைத்திருப்பதையே தேர்ந்தெடுக்கும். ஆகவே குற்றவாளி யார் என்பதில் ஐயம் இல்லை.

எடுத்தவுடன் சந்தேகம் போனது, கீபோர்டு வரியை வாங்கித் தரும் ரீட்லைன் நூலகத்தின் வரலாற்றுப் பட்டியல் மேல். அடித்த வரிகளை எல்லாம் அது சேர்த்து வைக்கிறது, அதற்கு வரம்பு போடவில்லை. வரம்பை 500 வரிகளாக வைத்து ஓட்டியும் எந்த மாற்றமும் இல்லை. கணக்குப் போட்டிருந்தால் அந்த வேலையே தேவைப்பட்டிருக்காது: ஒரு வரிக்கு 100 பைட், நாளுக்கு 600 வரி என்று தாராளமாக வைத்தாலும் 60,000 பைட்தான் வரும். நாளுக்குப் பல எம்பி போகும் இடத்தில் அது கணக்கிலேயே சேராது. வரம்பை அப்படியே விட்டுவைத்தேன். அது இருப்பது நல்லதுதான்.

அளப்பதற்கு, ஓடும் நிரல்களின் விவரத்தை கெர்னல் காட்டும் புராக் கோப்பகத்தில் ஷெல்லின் நிலைக் கோப்பைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை படித்து, உண்மையில் நினைவகத்தில் இருக்கும் அளவை, அதாவது ஆர்எஸ்எஸ் எண்ணை, ஒரு கோப்பில் எழுதும் சிறு ஸ்கிரிப்ட் வைத்தேன். முதல் வரைபடம் என்னைக் குழப்பியது. பகலில் ஏறிய எண் இரவில் இறங்கியது. ஷெல் ஓய்வு நேரத்தில் நினைவகத்தைத் திருப்பித் தருகிறது என்று அதைப் படித்தால் தவறாகிவிடும். ஏனென்றால் யாரும் தொடாத பக்கங்களை கெர்னல் மெமரி கார்டில் உள்ள ஸ்வாப் என்ற மாற்று இடத்துக்குத் தள்ளிவிடுகிறது, தள்ளியவை ஆர்எஸ்எஸ்ஸில் சேராது. அதே நிலைக் கோப்பில் ஸ்வாப்புக்கும் தனி வரி இருக்கிறது. இரண்டையும் கூட்டி வரைந்தபோது நூல் பிடித்தது போன்ற நேர்க்கோடு கிடைத்தது: மணிக்கு 2.9 எம்பி, நாளுக்கு 70 எம்பி. ரசீது தாமதமாக வந்ததற்கும் இதுவே காரணம். ஷெல் ஃபோர்க் செய்யும்போதும் (தன்னை நகலெடுத்துப் பிள்ளைப் புராசஸைக் கிளப்பும்போதும்) வரியைப் பிரிக்கும்போதும் கார்டில் போய்க் கிடக்கும் பக்கங்களை மறுபடி இழுக்க வேண்டியிருந்தது.

அந்த நேர்க்கோடு இன்னொன்றையும் சொன்னது. இந்தக் கரையில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் தொழிலுக்குப் போகும். அவை கரை சேரும் காலையில் மேசையில் மூச்சுவிட நேரம் இருக்காது, மற்ற நாட்களில் வத்தை, வல்லம் போன்ற சிறு படகுகள் கொண்டுவரும் கொஞ்சச் சரக்குதான். கட்டளைகளில் கசிவு இருந்தால் கோடு படிக்கட்டு போல விட்டு விட்டு ஏற வேண்டும். அப்படி ஏறவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் முழுவதும் கட்டிக் கிடந்தபோதும், தராசு சும்மா பூஜ்யத்தை அனுப்பிக்கொண்டிருந்தபோதும், கோட்டின் சாய்வு இம்மியும் மாறவில்லை. ஆகவே கசிவு மனிதர் அடிக்கும் கட்டளையில் இல்லை, நொடிக்கொரு முறை ஓடும் ‘சுற்று’க்குள் இருக்கிறது. ஒரு மணிக்கு 3,600 நொடி, 2.9 எம்பியை அதால் வகுத்தால் சுற்றுக்கு ஏறக்குறைய 810 பைட். இந்த ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் பிறகு எல்லாவற்றையும் சரிபார்த்தேன்.

வால்கிரிண்டின் கீழ் நிரல் 20 முதல் 30 மடங்கு மெதுவாக ஓடும் என்பதால், ராஸ்பெர்ரி பையில் அதைச் செய்வது வீண். வீட்டில் இருந்த 8 ஜிபி மடிக்கணினியில் அதே டெபியன் 12-ஐ நிறுவினேன். சி நிரல்களின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் பதிப்பு இரண்டிலும் 2.36 என்று ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தச் சிரமம், அது பின்னால் மிகவும் உதவியது. தராசுக்குப் பதிலாக, கேட்டவுடன் ஒரு போலி எடையைத் தரும் ஸ்கிரிப்டை வைத்து, காத்திருக்காமல் 10,000 சுற்று ஓடும்படி செய்தேன். நிரலை டீபக் குறிப்புகளோடு, ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்தால்தான் அறிக்கையில் சரியான வரி எண் வரும்.

முதல் அறிக்கை படிக்க முடியாத அளவுக்கு நீளமாக வந்தது. அதற்குக் காரணங்கள் இரண்டு. ரீட்லைன் தன் உள்வேலைக்காகச் சுமார் 200 கேபியை வாங்கி வைத்துக்கொண்டு நிரல் முடியும் வரை விடுவதில்லை; அது வளராது, கசிவும் அல்ல, ஆனால் ‘இன்னும் எட்டக்கூடியவை’ என்ற தலைப்பில் பக்கம் பக்கமாக வருகிறது. அதை அடக்க ஒரு விலக்குக் கோப்பு எழுதினேன். அடுத்தது பிள்ளைப் புராசஸ்கள். ஃபோர்க் ஆன பிள்ளை பெற்றோரின் நினைவகம் முழுவதையும் நகலாக வைத்திருக்கிறது. பிள்ளைக்குள் புதிய நிரலை ஏற்றும் எக்ஸெக் அழைப்பு வெற்றி பெற்றால் அந்த நகல் காணாமல் போகும், தோற்றால் பிள்ளை 127 என்ற வெளியேற்ற எண்ணோடு முடியும்போது தனக்கென ஒரு கசிவு அறிக்கையை அச்சிடும். அறிக்கை வரியின் இடது ஓரத்தில் உள்ள புராசஸ் எண்ணைப் பார்க்காவிட்டால், பிள்ளையின் கணக்கைப் பெற்றோர் தலையில் எழுதிவிடுவோம். ஃபோர்க்குக்குப் பின் பிள்ளையைப் பேசவிடாமல் வைக்கும் விருப்பு (ஆப்ஷன்) ஒன்று வால்கிரிண்டில் உண்டு. அதைப் போட்ட பிறகே அறிக்கை ஒரு திரைக்குள் அடங்கியது.

அடங்கிய அறிக்கை தெளிவாக இருந்தது. உறுதியாகத் தொலைந்தவை, அதாவது நிரலில் எந்த பாயின்டரும் (நினைவக முகவரியும்) சுட்டாதவை, ஏறக்குறைய 20,000 துண்டுகள், ஒவ்வொன்றும் 256 பைட். அவற்றின் வழியே தொலைந்தவை ஏறக்குறைய 60,000 துண்டுகள், மொத்தம் 7,30,000 பைட். 256 பைட் என்பது 32 பாயின்டர்கள் கொண்ட சொற்பட்டியல், வரியைச் சொற்களாகப் பிரிக்கும் ஃபங்ஷன் தருவது. சுற்றுக்கு இரண்டு வரி, வரிக்கு மூன்று சொல், எல்லாம் பொருந்தின. நான் முதலில் பட்டியலை மட்டும் விடுவித்து மறுபடி ஓட்டினேன். வழியே தொலைந்தவை சுழியாகி, அதே 60,000 துண்டுகள் இப்போது உறுதியாகத் தொலைந்தவையாக மேலே வந்து நின்றன. பட்டியல்தான் அந்தச் சொற்களை எட்டுவதற்கான ஒரே வழி. வழியை அழித்துவிட்டால் சொற்கள் திரும்பக் கிடைக்கப்போவதில்லை. அறிக்கையில் மேலே உள்ளதைத் திருத்தினால் கீழே உள்ளது தானாகச் சரியாகும் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள்; பெற்றோர்த் துண்டை விடுவிக்கும் ஃபங்ஷன் பிள்ளைத் துண்டுகளையும் முறையாக விடுவித்தால்தான் அது உண்மை.

கசிவின் இடம் எளிமையானது. தனி நிரலைக் கிளப்பும் வெளிக்கட்டளைக்கான பாதை முடிவில் எல்லாவற்றையும் விடுவித்தது. ஷெல் தானே செய்யும் உள்கட்டளைக்கான பாதையோ வேலை முடிந்ததும் அங்கேயே திரும்பிவிட்டது. விடுவிக்கும் வரிக்கு அது வந்து சேரவே இல்லை. கையால் சோதிக்கும்போது நாம் அடிப்பது பெரும்பாலும் வெளிக்கட்டளைகள் என்பதால் எதுவும் தெரியவில்லை. அதே மாதிரி முன்கூட்டித் திரும்பும் இடங்களைத் தேடியபோது, மூடாத மேற்கோள்குறிக்கு ஒன்று, திறக்க முடியாத திசைமாற்றுக் கோப்புக்கு ஒன்று, கன்ட்ரோல்-சி அடித்தால் நீள்தாவலில் (லாங்ஜம்ப்), வரியைச் சொற்களாக்கும் பிரிப்பானின் நடுவிலிருந்தே வெளியேறும் பாதை ஒன்று என்று வரிசையாக வந்தன. கடைசியில் சொன்னதை எந்த இடத்தில் விடுவிப்பு வரி சேர்த்தும் சரிசெய்ய முடியாது. தாவல் எந்தச் சொல்லின் நடுவில் நடந்தது என்று யாருக்கும் தெரியாது.

அதனால் விடுவிப்பு வரிகளைத் தூவுவதைக் கைவிட்டு, ஒரு வரிக்கு ஒரு தொட்டி என்ற முறைக்கு மாறினேன். 4 கேபி அளவுள்ள ஒரு துண்டு. வரியின் சொற்கள், பட்டியல், திசைமாற்று விவரம் எல்லாம் அதிலிருந்தே வெட்டி எடுக்கப்படும். வரி எப்படி முடிந்தாலும், முறையாகவோ தாவியோ, அடுத்த வரியைக் கேட்கும் முன் தொட்டியின் குறியைத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தால் போதும். வரி நீண்டால் இன்னொரு துண்டு இணையும். தமிழ் எழுத்துகளைப் பைட்டுகளாக வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்; காலும் புள்ளியும்கூடத் தனிக் குறிகள். ‘கணவாய்’ என்ற சொல்லே 18 பைட் எடுக்கும். அப்படியும் மேசையில் அடிக்கும் எந்த வரியும் இரண்டாம் துண்டைத் தொட்டதில்லை.

தொட்டி முறைக்கு ஒரு விலை இருக்கிறது. வரியைத் தாண்டி வாழ வேண்டிய எதையும் வெளியே நகலெடுக்க வேண்டும். பின்னணி வேலைகளின் பட்டியலில் கட்டளைப் பெயருக்கான பாயின்டர் தொட்டிக்குள்ளேயே நின்றுவிட்டதால், ‘வேலைகள்’ என்று அடித்தால் பழைய கட்டளையின் பெயருக்குப் பதில் அடுத்த வரியின் பாதிச் சொல் வந்தது. தவறான நினைவகத்தைத் தொட்டால் நிரலை நிறுத்தும் அட்ரஸ் சானிடைசர் என்ற கருவி இதைப் பிடிக்காது, ஏனென்றால் அதன் கண்ணில் தொட்டி விடுவிக்கப்படாத, முறையான நினைவகம். சோதனைக் கம்பைலில் மட்டும், குறியைத் திருப்பும்போது தொட்டியின் பரப்பை நச்சாக அறிவிக்கும் மேக்ரோவைச் சேர்த்தேன். அதன் பிறகு இத்தகைய பாயின்டரைத் தொட்ட கணமே நிரல் நின்று வரி எண்ணைச் சொன்னது. கூடவே, முடிந்த வேலையின் கணுவைப் பட்டியலிலிருந்து நீக்காமல் விட்டிருந்ததும் அகப்பட்டது. அதை, பிள்ளை முடிந்த செய்தி வந்தவுடன் ஓடும் சிக்னல் கையாளிக்குள் விடுவிக்கக் கூடாது, அங்கே நினைவகத்தை விடுவிக்கும் ஃப்ரீயை அழைப்பது பாதுகாப்பானதல்ல. கையாளி ஒரு கொடியை மட்டும் ஏற்றும், அடுத்த வரிக்கு முன் ஷெல் துப்புரவு செய்யும்.

இத்தனைக்கும் பிறகு வால்கிரிண்டில் உறுதியாகத் தொலைந்தது சுழி, வழியே தொலைந்தது சுழி. அட்ரஸ் சானிடைசரோடு வரும் கசிவு சோதனையும் வாய் திறக்கவில்லை. புதிய ஷெல்லை மேசையில் நிறுவினோம். மறுநாள் வரைபடத்தில் கோடு சாய்ந்தே இருந்தது: மணிக்கு 280 கேபி. பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததில் கூடத்துக்காரர்களுக்கு மகிழ்ச்சிதான், வாரம் ஒரு முறை அணைத்துப் போட்டால் போதும் என்றார்கள். வால்கிரிண்ட் சுழி என்று சொல்லும் ஒன்று வளர்வதை என்னால் விட முடியவில்லை.

அடுத்த சந்தேகம் துண்டாடல். ஃப்ரீ செய்த நினைவகத்தை, நிரலுக்கு நினைவகம் ஒதுக்கித் தரும் மாலாக் உடனே கெர்னலுக்குத் திருப்பித் தராது. சிறு துண்டுகளுக்கு நடுவில் ஒன்று பயன்பாட்டில் இருந்தால் சுற்றியுள்ள இடமும் பிடிபட்டுக் கிடக்கும். வேண்டாததைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் மாலாக்-டிரிம் அழைப்பை மணிக்கொரு முறை வைத்தேன். கோடு அசையவில்லை. இங்கே ஊகத்தை நிறுத்திவிட்டு, ஜிலிப்சி 2.33 முதல் உள்ள மாலின்ஃபோ2 என்ற அழைப்பால் மாலாக்கிடமே கணக்குக் கேட்டேன். அது தரும் எண்களில் நமக்கு வேண்டியவை இரண்டு: இப்போது பயன்பாட்டில் உள்ள பைட், கையிருப்பில் சும்மா கிடக்கும் பைட். துண்டாடல் என்றால் இரண்டாவது ஏற வேண்டும். ஏறியது முதலாவது, ஒவ்வொரு நொடிக்கும் சரியாக 80 பைட். யாரோ கேட்டு வாங்கி, திருப்பித் தராமல், ஆனால் தொலைக்காமலும் வைத்திருக்கிறார்கள்.

இதே எண்ணை மடிக்கணினியில் 10,000 சுற்றுக்குப் பார்த்தபோது ஏற்றம் வெறும் 20 கேபிக்குள் இருந்தது. 8,00,000 பைட் எதிர்பார்த்த இடத்தில் அது. ஒரே நிரல், ஒரே ஜிலிப்சி, மேசையில் கசிகிறது, வீட்டில் கசியவில்லை. வித்தியாசம் வேகம்தான். வால்கிரிண்டின் கீழ் 10,000 சுற்றும் நாலு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. மேசையில் ஒவ்வொரு சுற்றுக்கும் ‘நேரம்’ புதிது, இங்கே ஒரே நொடிக்குள் நாற்பது சுற்று ஓடி, அத்தனையிலும் ‘நேரம்’ ஒரே சரம். சோதனையை விரைவுபடுத்தியதில் கசிவின் காரணத்தையே வடிகட்டி வெளியேற்றியிருந்தோம். போலி எடையைப் போலவே போலிக் கடிகாரமும் வைத்து, சுற்றுக்கு ஒரு நொடி நகரும்படி செய்தவுடன் 8,00,000 பைட் ஏற்றம் மடிக்கணினியிலும் வந்தது.

வால்கிரிண்ட் அப்போதும் சுழி என்றே சொன்னது. அதற்கு அதன் பழக்கம் ஒன்று காரணம்: நிரல் முடியும் தறுவாயில், ஜிலிப்சி தனக்காக வைத்திருக்கும் எல்லாவற்றையும் விடுவிக்கச் சொல்லும் ஒரு ஃபங்ஷனை அது இயல்பாகவே அழைக்கிறது. நூலகத்தின் உள்வீட்டுச் சாமான்கள் பயனருடைய அறிக்கையைக் குழப்பக் கூடாது என்ற நல்ல எண்ணம். அந்த அழைப்பை நிறுத்தும் விருப்பைப் போட்டேன். ‘இன்னும் எட்டக்கூடியவை’ என்ற தலைப்பின் கீழ் 20,000 துண்டுகள், 6,00,000 பைட் வந்து விழுந்தன. மேலே இருந்த அழைப்பு வரிசையில் நின்றது, சூழல் மாறியை வைக்கும் ஜிலிப்சி ஃபங்ஷனான செட்என்வ். உறுதிசெய்ய வால்கிரிண்டின் மாசிஃப் கருவியாலும் பார்த்தேன். அது கசிவைத் தேடாது, எந்த நேரத்தில் யார் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று படம் போடும். அதிலும் செட்என்வ் என்ற ஒரே மலைதான் உயர்ந்துகொண்டே போனது.

காரணம் இது. ஒரு சூழல் மாறியின் மதிப்பைக் கெட்என்வால் கேட்டால், கிடைப்பது நகல் அல்ல, சூழலில் உள்ள அதே சரத்துக்கான பாயின்டர். நிரலின் வேறு மூலையில் யாராவது அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம் என்பதால், மாறிக்குப் புதிய மதிப்பு வரும்போது ஜிலிப்சி பழைய சரத்தை விடுவிப்பதில்லை. கைவிடுவதும் இல்லை: இதுவரை வைத்த எல்லாச் சரங்களையும் ஒரு தேடல் மரத்தில் அடுக்கி, அதே மதிப்பு மறுபடி வந்தால் பழையதையே எடுத்துக்கொள்கிறது. தராசின் எடை மாறி வளராததற்கு இதுவே காரணம். 60 கிலோவை 10 கிராம் படியில் எண்ணினால் 6,000 மதிப்புகள், எல்லாம் ஒரு முறை வந்துவிட்டால் மரம் நாலு லட்சம் பைட்டுக்குள் நின்றுவிடும். நேரமோ திரும்பி வராத மதிப்பு. ‘நேரம்’ என்ற பெயர் 15 பைட், சமக்குறி 1, தேதியும் நேரமும் 19, முடிவுக்குறி 1, ஆக 36. மரத்தின் கணு மூன்று பாயின்டர், 24. வால்கிரிண்ட் கேட்ட அளவை மட்டும் எண்ணுவதால் 60 என்கிறது. மாலாக் 36-க்கு 48-உம் 24-க்கு 32-உம் ஒதுக்குவதால் உண்மைச் செலவு 80. நொடிக்கு 80 என்றால் மணிக்கு 2,88,000. சொற்பட்டியல் கசிவை இதே முறையில் மாலாக்கின் அளவில் கணக்கிட்டால் சுற்றுக்கு 736. இரண்டையும் கூட்டினால் 816, தொடக்கத்தில் வகுத்துப் பெற்ற எண்ணுக்கு அருகிலேயே வருகிறது. வேறு கசிவு மறைந்திருக்க இடமில்லை என்று நம்புவதற்கு எனக்கு இந்தக் கூட்டல்தான் ஆதாரம்.

மேசைக்கு உடனடி மருந்தாக புட்என்வைப் பயன்படுத்தினேன். அது நகலெடுக்காமல் நாம் கொடுக்கும் சரத்தையே சூழலில் வைக்கிறது. நேரத்தின் நீளம் எப்போதும் ஒன்றுதான் என்பதால், 64 பைட் நிலையான இடம் ஒன்றை ஒரே ஒரு முறை கொடுத்துவிட்டு, பிறகு அதன் மேலேயே எழுதினால் போதும். சில வரி மாற்றம். கோடு அன்றே படுத்துவிட்டது. ஆனாலும் கணக்குப்பிள்ளை நாளை வேறொரு மாறியைச் சுற்றுக்குள் வைக்கக்கூடும் என்பதால் அதை நிரந்தரத் தீர்வாக விடவில்லை. இப்போது மாறிகள் எல்லாம் ஷெல்லின் சொந்த அட்டவணையில் இருக்கின்றன. மதிப்பு மாறினால் பழையது விடுவிக்கப்படும். ஃபோர்க் ஆன பிறகு பிள்ளைப் புராசஸில் மட்டும் அட்டவணையிலிருந்து சூழல் வரிசை கட்டப்படுகிறது. இங்கே ஒரு சிறு பொறி உண்டு. சூழல் வரிசையைக் கையில் வாங்கி, கட்டளையைத் தேடியும் ஓட்டும் எக்ஸெக் வகை ஒன்று ஜிலிப்சியில் இருக்கிறது; ஆனால் அது தேடுவது நாம் கொடுத்த வரிசையில் உள்ள, தேட வேண்டிய கோப்பகங்களைச் சொல்லும் பாத் மாறியின்படி அல்ல, அழைக்கும் புராசஸின் பழைய பாத் மாறியின்படி. ஆகவே பிள்ளையில் சூழல் பாயின்டரையே புதிய வரிசைக்கு மாற்றிவிட்டு வழக்கமான தேடும் எக்ஸெக்கை அழைக்கிறேன்.

நினைவகத்தோடு சேராத, ஆனால் இதே தேடலில் அகப்பட்ட ஒன்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். உப்புக் காற்றில் யூஎஸ்பி முனைகள் பச்சை பூத்து, சீரியல் கன்வெர்ட்டர் அவ்வப்போது தொடர்பு விட்டுத் திரும்பும். ஷெல் பழைய கோப்பு எண்ணை மூடாமல் பிடித்துக்கொண்டே இருந்ததால், திரும்பி வரும் கருவிக்கு கெர்னல் பூஜ்யம் என்ற பழைய வரிசை எண்ணைத் தர முடியாமல் ஒன்று, இரண்டு என்று கூட்டிக்கொண்டே போனது. தராசு ‘காணாமல்’ போவதன் காரணம் இதுதான். திறந்து கிடக்கும் கோப்பு எண்களையும் பட்டியலிடும் வால்கிரிண்ட் விருப்பு இதைக் காட்டியது. படிப்பில் பிழை வந்தவுடன் மூடும்படி செய்து, கருவிக்கு மாறாத பெயர் தரும் யூடெவ் விதி ஒன்றும் எழுதினேன்.

செலவு பெரிதாக இல்லை. மென்கருவிகள் அனைத்தும் இலவசம். கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே ஒரு டின் 350 ரூபாய், புதிய யூஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர் 450 ரூபாய், ஸ்வாப் எழுதி எழுதித் தேய்ந்திருந்த மெமரி கார்டுக்குப் பதிலாகத் தொடர் பதிவுக்கென்று விற்கும் 32 ஜிபி கார்டு 900 ரூபாய். கார்டை மாற்றியது தேவையா என்று கேட்டால், கசிவு நின்ற பிறகு ஸ்வாப்பே தொடப்படுவதில்லை, பழையதே இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருக்கும்.

இன்னொரு முறை இதைக் கட்டினால் வரிசையை மாற்றுவேன். மாலின்ஃபோ2 எண்ணை அச்சிடும் உள்கட்டளையை ஷெல்லில் முதல் நாளே வைப்பேன், வால்கிரிண்டை அதற்குப் பிறகுதான் எடுப்பேன்; தொலைந்தது என்ன என்று கேட்பதற்கு முன் வளர்வது என்ன என்று கேட்பது இந்த வகை நிரலுக்குப் பொருத்தம். போலிக் கடிகாரம் இல்லாத எந்தச் சோதனையையும் நம்ப மாட்டேன். இப்போது ஒவ்வொரு கம்பைலுக்குப் பின்னும், நகரும் கடிகாரத்தோடு 10,000 சுற்று ஓடி, பயன்பாட்டு பைட் 4,096-க்கு மேல் ஏறினால் தோல்வி என்று அறிவிக்கும் சோதனை தானாக ஓடுகிறது. தராசு படிப்பதை ஷெல்லிலிருந்து பிரித்துத் தனிப் புராசஸாக்கி, கடைசி எடையையும் நேரத்தையும் ஒரு சிறு கோப்பில் எழுதவைக்கும் வேலை பாதியில் இருக்கிறது. அது முடிந்தால் ‘சுற்று’ என்ற உள்கட்டளையையே ஷெல்லிலிருந்து எடுத்துவிடலாம்.